மூணு மணி நேரம் ப்ளஸ் ஒண்ணு

'தாரே ஜமீன் பர்' பார்த்திருப்பீங்க. 2007-ல வந்த படம். டிஸ்லெக்சியா இருக்கிற அந்தக் குட்டிப் பையனுக்காக கர்சீப்பை நனைக்காத ஆள் கிடையாது. சரி... அதே மாதிரி ஒரு பையன் வளர்ந்து, ப்ளஸ் டூ தாண்டி, உங்க க்ளாஸுக்கே வந்து உட்கார்ந்தா? பக்கத்துல இடம் கொடுப்போமா, இல்ல 'ட்யூப்லைட்'னு பட்டப்பேர் வைப்போமா?

(சமீபத்துல ஒரு கேன்டீன்ல, 'நீ என்ன ஆட்டிசமாடா?'னு ஒருத்தர் தன் நண்பரைக் கலாய்ச்சதைக் கேட்டேன். பக்கத்து டேபிள்ல இருக்கிறவங்க வீட்ல யாருக்கு என்னன்னு நமக்கு என்ன தெரியும் பாஸ்?)

இது சும்மா கற்பனை இல்லீங்க. 1995-ல வந்த பழைய சட்டத்துல மொத்தமே ஏழு வகைதான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு ரெண்டுக்கும் அதுல இடமே இல்லை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த லிஸ்ட்டை 21 ஆக்கிடுச்சு. பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்குன்னு சர்டிபிகேட் இருந்தா, அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல குறைஞ்சது 5 சதவீத இடம் ஒதுக்கணும். வயசு வரம்புல அஞ்சு வருஷம் தளர்வு. கையால எழுத முடியாதவங்களுக்கு, அவங்க சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள்... அதான் 'ஸ்க்ரைப்'. கூடவே மணிக்கு 20 நிமிஷம் எக்ஸ்ட்ரா. மூணு மணி நேர பேப்பர்னா அவங்களுக்கு நாலு மணி நேரம்.

அந்த நாலாவது மணி நேரத்தைப் பத்தித்தான் உங்ககிட்ட சொல்லணும்.

நான் ஃபர்ஸ்ட் இயர் படிச்சப்போ, ஃபைனல் இயர் பி.காம் சீனியர் ஒருத்தருக்கு ஸ்க்ரைப்பா போனேன். அவருக்கு மூளை முடக்குவாதம். கை சொன்ன பேச்சு கேட்காது, பேச்சும் கொஞ்சம் இழுத்துத்தான் வரும். ஆனா தலைக்குள்ள அக்கவுன்ட்ஸ் பளிச்சுனு இருந்துச்சு. நமக்குத்தான் அவசரமாச்சே! அவர் பாதி வாக்கியம் சொல்லும்போதே மீதியை நானே முடிச்சு எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு தடவை பொறுத்துக்கிட்டார். மூணாவது தடவை முழங்கையைத் தூக்கி விடைத்தாள் மேல வெச்சுட்டார்.

"தம்பி... இது... என் பரீட்சை."

சுருக்குனு இருந்துச்சு. நான் எழுதினது தப்பு வேற! தேய்மானக் கணக்குல அவர் சொல்ல வந்தது வேற முறை. அடிச்சுட்டு மறுபடி எழுதினேன். அதுக்கப்புறம் அவர் 'புள்ளி'னு சொல்ற வரைக்கும் பேனாவை நகர்த்தலை. மெதுவாத்தான் போச்சு. அந்த எக்ஸ்ட்ரா நேரம் சலுகையே இல்லைங்க, கணக்கு சரியாப் போச்சு. கடைசி அஞ்சு நிமிஷம்தான் மிச்சம்.

வெளியே வந்தா வராண்டா காலி! பரீட்சை முடிஞ்சதும் 'எத்தனாவது கேள்விடா விட்ட?'ன்னு நாம கத்திக்கிட்டு நிப்போம்ல... அந்தக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே கலைஞ்சு போயிருந்துச்சு. "எப்பவும் இப்படித்தானா அண்ணா?"ன்னேன். அஞ்சு செமஸ்டரா இப்படித்தானாம். ஹால்ல இருந்து நேரா ஆட்டோ, ஆட்டோல இருந்து வீடு. ஐ.வி. போன பஸ்லயும் அவர் இல்லை. யாரும் 'வராதே'ன்னு சொல்லலையாம். யாரும் கூப்பிடவும் இல்லையாம், அவ்வளவுதான்.

ஸோ, இந்த செமஸ்டர் ஒரு வேலை இருக்கு உங்களுக்கு. உங்க காலேஜ் தேர்வுப் பிரிவுல போய் 'ஸ்க்ரைப் தேவைப்படுதா சார்?'னு கேளுங்க. பரீட்சை எழுதறவரை விட கம்மியா படிச்சவங்களைத்தான் பொதுவா எடுப்பாங்க. அதனால ஜூனியர்களுக்கு சான்ஸ் அதிகம். போனா, வாயை மூடிக்கிட்டு காதைத் திறந்து வைங்க. உங்க அறிவைக் காட்ட உங்க பேப்பர் இருக்கு. க்ளாஸ்மேட்டே அப்படி ஒருத்தர்னா இன்னும் ஈஸி. ஒரு மணி நேரம் வராண்டாவுல உட்கார்ந்து அடுத்த பேப்பருக்குப் படிங்க, அவர் வந்ததும் சேர்ந்து கிளம்புங்க.

அன்னிக்கு அந்த சீனியரை கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல மூணு படி. என் தோளைப் பிடிச்சு ஏறினார். டீயை நல்லா ஆற வெச்சு, பாக்கெட்ல இருந்து ஸ்ட்ரா எடுத்தார். காசை நான் கொடுக்கப் போனதும் மறுபடி அதே முழங்கை!

ரிசல்ட் வந்தப்போ அந்த பேப்பர்ல அவருக்கு 71. எனக்கு இங்கிலீஷ்ல அரியர்.