மேட்டில் பெயர் தள்ளாது

இடுக்கியின் குமுளி, போடிமெட்டு, பாலக்காட்டின் நெல்லியாம்பதி. எல்லை மலைகளில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புக்கு என்ஜின் மாற்றும் நாள் வந்தால், பட்டறையில் பட்டிமன்றம்தான். எந்த கம்பெனி என்ஜின் போடலாம்?

அமெரிக்காவில் பழைய காருக்கு வேகம் ஏற்றும் ‘ஹாட் ராட்’ பிரியர்களும் இதே கேள்வியில் மோதிக்கொண்டவர்கள்தான். 1932இல் வந்த ஃபோர்டு வி-8தான் அவர்களுக்குத் தெய்வம். 1955இல் செவர்லேயின் வி-8 வந்ததும் பலர் கட்சி மாறினார்கள். ஃபோர்டு காருக்குள் செவர்லே என்ஜின்! சக்தி அதிகம், பாகங்கள் மலிவு, எங்கும் கிடைத்தன.

மலையின் கணக்கு வேறு. இங்கே தேவை வேகமல்ல, குறைந்த சுழற்சியில் இழுவை. வில்லிஸின் 2,199 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்குப் பிறகு, மகிந்திரா ஜீப்புகளில் பெஜோவின் 2,112 சி.சி. டீசல் வந்தது. அதைவிடப் பெரிதாக எதையாவது திணித்தால் கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் தாங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கும் பிடிக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கம்பெனி தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே கம்பெனி என்ஜினை மாற்றவும் ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். ஆர்.சி.யில் இல்லாத என்ஜின், விபத்து நாளில் பயணிகளின் இழப்பீட்டையே சிக்கலாக்கிவிடும்.

எனவே, பெயரைப் பார்க்காதீர்கள். ஆர்.சி.யைப் பாருங்கள், பக்கத்து ஊர்க் கடையில் பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், பெரிய பெயர் பின்னால் வந்து தள்ளாது.