பாம்புக்கு எத்தனை அடி வீடு?

இலண்டனில் வாழும் என் மருமகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். மகனின் பிடிவாதத்துக்கு இணங்கிப் பாம்பொன்று வாங்கியிருக்கிறானாம். மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. நஞ்சற்றது, அஞ்சினால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும் சாதுவான பிராணி. வளர்ந்தால் நான்கைந்து அடி நீளம் வரும். "எத்தனை அடிப் பெட்டி வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"இரண்டடி, மாமா. பெரிய பெட்டியில விட்டால் பாம்பு பயந்து சாப்பிடாதாம். கடைக்காரர் சொன்னவர்."

பேசாலையில் பிறந்தவன் இப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பனை வேலியோரம் சாரைப்பாம்பு நீட்டி நிமிர்ந்து ஓடுவதை அவன் எத்தனை தடவை பார்த்திருப்பான்! எங்கள் மணலில் வாழும் சுருட்டை விரியன் ஏறத்தாழ ஓரடி நீளந்தான். அச்சிறு பாம்புகூடப் பகலில் கல்லின் கீழ் சுருண்டு கிடந்துவிட்டு, இரவில் மணல்வெளியில் பக்கவாட்டாக நகர்ந்து இரை தேடுகிறது. சுருண்டு கிடப்பது பாம்பின் ஓய்வு. அதுவே அதன் வாழ்வன்று.

கடைக்காரர் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது முழுப் பொய்யைவிட ஆபத்தானது. பாம்பு நெருக்கமான பொந்தை விரும்புவது மெய். ஆனால் பொந்துக்கு வாசல் உண்டு. வேண்டும்போது உள்ளே போகும். வேண்டாதபோது வெளியே வரும். வெறுமையான பெரிய பெட்டியில் பாம்பு உண்ண மறுத்தால், அதற்குக் காரணம் இடத்தின் மிகுதியன்று, ஒளிவிடத்தின் இன்மை. அதற்குப் பரிகாரம் பெட்டியைச் சுருக்குவதா, உள்ளே இரண்டு மறைவிடங்கள் வைப்பதா?

இன்னொன்று. பாம்பு தன் உடல் வெப்பத்தை நம்மைப்போல் உள்ளிருந்து பேணுவதில்லை. இடம் மாறித்தான் பேணுகிறது. இப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு முனை சுமார் 32 பாகை செல்சியசும் மறுமுனை 26 பாகையுமாக இருத்தல் வேண்டும். இரண்டடிப் பெட்டியில் இந்த வேறுபாட்டை ஏற்படுத்துவது அரிது. சூடேறினால் ஒதுங்க இடமில்லை.

நெடுங்காலமாக ஒரு கணக்குச் சொல்லி வந்தார்கள்: பெட்டியின் நீளமும் அகலமும் சேர்ந்து பாம்பின் நீளத்துக்குச் சமமானால் போதுமாம். ஐந்தடிப் பாம்புக்கு மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். மூலைக்கு மூலை அளந்தாலும் நான்கடி வராது. ஆயுளில் ஒருமுறையேனும் அது உடலை நேராக நீட்ட முடியாது. பாம்புக்கு நீட்டி நிமிரும் தேவையே இல்லையென்று வாதித்தார்கள். கிளிஃபர்ட் வோர்விக் முதலிய ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அந்த வாதத்தை உடைத்தது. இடம் கிடைத்தால் பாம்புகள் உடலை நீட்டவே செய்கின்றன.

பின் ஏன் இந்தச் சிறு பெட்டி? பெருந்தொகையாக இனப்பெருக்கம் செய்யும் வணிகர்கள் அலுமாரி இலாச்சிகளைப் போன்ற பிளாஸ்டிக் தட்டுகளில் பாம்புகளை அடுக்கி வைக்கிறார்கள். இடம் மிச்சம், செலவு மிச்சம். வியாபாரிக்கு வசதியான அளவு, பாம்புக்கு உகந்த அளவென்று பெயர் மாறி வீட்டுக்குள் வந்துவிட்டது.

"சாப்பிடுகிறது, உயிரோடு இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்றான் மருமகன். இந்த வாக்கியத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் அவனுடைய சித்தி, என் இளைய தங்கை, மாதக்கணக்காக இருந்தாள். உணவு உண்டு, கூரை உண்டு, வேறென்ன குறை என்றே அன்றும் சொன்னார்கள். மனிதத் துயரைப் பாம்பின் துயரோடு நான் சமப்படுத்தவில்லை. ஆனால் அடைத்து வைத்திருப்பவர் பேசும் மொழி எங்கும் ஒன்றுதான். அந்த மொழி நம் வாயிலிருந்து வரலாமா?

எனவே என் விடை இது. பெட்டியின் நீளம் பாம்பின் முழு நீளத்துக்குக் குறையக்கூடாது. அகலம் அதில் பாதியாவது வேண்டும். நாலடிப் பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஏறி இறங்க இரண்டடி உயரம். இது தாராளமன்று, கடைசி எல்லை. பாம்பு வளர்ந்தால் பெட்டியும் வளரவேண்டும். இந்தப் பாம்பு முப்பது ஆண்டுகள்கூட வாழும். இன்று அடம்பிடிக்கும் பையன் நாளை பல்கலைக்கழகம் போய்விடுவான்; பாம்பு பெட்டியிலேயே இருக்கும்.

அத்தனை இடம் வீட்டில் இல்லையென்றால், பாம்புக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதே பொருள். இலங்கையில் மலைப்பாம்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பிடித்து வளர்ப்பது குற்றம். அங்கே சட்டம் அனுமதிக்கிறதென்றால், சட்டம் கேட்காத கேள்வியை மனச்சாட்சி கேட்கவேண்டும்.

மருமகன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பின்னர், "அளந்துபோட்டுச் சொல்லுறன், மாமா" என்றான். பெட்டியை அல்ல, பாம்பை அளக்கச் சொன்னேன்.