போர் வேண்டாம் என்றவர்கள் துரோகிகளா?



போர் வேண்டாம் என்று யாராவது முகநூலில் இரண்டு வரி எழுதினால் போதும், தேசத்துரோகி என்று வரிசையாக கமெண்ட் வருகிறது. அப்படி எழுதுகிறவர்களில் சிலர் என்னிடம் வரலாறு படித்த பிள்ளைகள். அதனால்தான் இந்தப் பதிவு.

தனிநபர் சத்தியாகிரகம் நினைவிருக்கிறதா? பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். 1940 அக்டோபர் 17 அன்று பவுனாரில் வினோபா பாவே பேசினார். ஆள் கொடுத்தோ பணம் கொடுத்தோ பிரிட்டிஷ் யுத்தத்துக்கு உதவுவது தவறு, இவ்வளவுதான் விஷயம். குண்டு வைக்கவில்லை, தந்திக் கம்பியை அறுக்கவில்லை. எங்கே, எப்போது பேசப்போகிறோம் என்பதை மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது காந்தியின் ஏற்பாடு. வினோபாவுக்கு 3 மாதம் சிறை. அடுத்து நேரு. அவர் சத்தியாகிரகத்தைத் தொடங்கும் முன்பே, அதற்கு முன் பேசிய பேச்சுகளுக்காகக் கைது செய்து 4 வருடம் போட்டார்கள்! ராஜாஜிக்கு 1 வருடம். நாடு முழுக்க 20 ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள்.

அதே ஆட்சி சொந்த நாட்டில் என்ன செய்தது? இங்கிலாந்தில் 1939இல் வந்த கட்டாய ராணுவச் சட்டத்திலேயே, மனசாட்சி இடம் தரவில்லை என்பவர் பதிவு செய்துகொள்ள வழி இருந்தது. சுமார் 60 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். தீர்ப்பாயம் விசாரித்து, சிலருக்கு முழு விலக்கு, பலருக்கு விவசாயம், மருத்துவமனை போன்ற வேலை என்று கொடுத்தது. அங்கேயும் சிலர் சிறைக்குப் போனார்கள், இல்லை என்று சொல்லவில்லை. முதல் உலகப் போரில், 1916இல், மறுத்த சிலருக்கு மரண தண்டனையே விதித்து, பிறகு 10 வருடமாகக் குறைத்தார்கள். அதெல்லாம் பட்டுத்தான் 1939இல் கொஞ்சம் பக்குவம். அந்தப் பக்குவம் கப்பலேறி இந்தியாவுக்கு வரவில்லை.

ஹிட்லரை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால் அவனை எதிர்த்துச் சண்டை போட்டே ஆகவேண்டும். நேருவின் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். சுதந்திரம் கொடு, சேர்ந்து நிற்கிறோம் என்றவர் அவர். எந்தப் போரும் கூடாது என்ற வினோபா வேறு ரகம். அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. அதற்காக அவரை எதிரியின் ஆள் என்பேனா?

நம் பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லா. 1940-41இல் இதற்காகச் சிறை போனவர்கள் உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இருந்தால், தாமிரப் பட்டயம் ஏதாவது பரணில் கிடந்தால், படம் எடுத்து கமெண்டில் போடுங்கள்.