எதற்குப் புள்ளியோ, அதுவே கதை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால், ஆடுகிறவர்கள் பலரும் ஒன்றைச் சொல்வார்கள்: “விதிப்புத்தகம் சண்டைக்குத்தான். கதை என்பது நடத்துகிறவர் திறமை.” ஆட்டம் நடத்துகிறவன் நான். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே கதையின் பெரும்பகுதியை விதிப்புத்தகம் முடிவு செய்துவிடுகிறது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கு மூத்தது. ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். வீரனோ திருடனோ மந்திரவாதியோ, என்ன செய்ய நினைத்தாலும் சொல்லலாம். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரம் அனுபவப் புள்ளி சேர்த்து அடுத்த லெவலுக்கு ஏறும். அந்தப் புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

டாம் மோல்ட்வே தொகுத்து 1981-இல் வந்த அடிப்படைப் பதிப்பைப் பாருங்கள். போர்வீரன் ஒருவன் இரண்டாம் லெவலுக்கு ஏற 2,000 புள்ளி வேண்டும். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றை வீழ்த்தினால் 5 புள்ளி. குகையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி. வெட்டியே மேலேற நினைத்தால் அவன் பங்குக்கு மட்டும் 400 கோப்ளின் சாக வேண்டும். 2,000 காசு பங்காக வந்தால் வேலை முடிந்தது. போதாக்குறைக்கு, முதல் லெவலில் வீரனின் உயிர் ஓர் எட்டுமுகப் பகடை அளவுதான். ஒரு வெட்டுக்கு ஆறுமுகப் பகடை. முதல் அடியிலேயே ஆள் போகலாம்.

எங்கள் குழுவில் ஓர் ஆடிட்டர் இருக்கிறார். இந்தப் பதிப்பை ஆடியபோது, முதல் அறையில் ஆறு கோப்ளின்கள் சூதாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். மற்ற மூவரும் வாளை உருவினார்கள். அவர் கையமர்த்தினார். “ஆறு பேரையும் கொன்னா முப்பது புள்ளி. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஏழரை. ஏழரையை நாமே போய் எதுக்குண்ணா கூப்பிடணும்?”

பிறகு நடந்ததெல்லாம் அவர்கள் கைவண்ணம். வழிப்போக்கர்கள் மாதிரி நுழைந்து, மதுக்குடுவையை நடுவில் வைத்து, சூதாட்டத்தில் வேண்டுமென்றே தோற்றார்கள். வாய் தளர்ந்த கோப்ளின் ஒன்று, சம்பளமே தராத தன் தலைவன் பெட்டியை எங்கே ஒளித்திருக்கிறான் என்று புலம்பித் தீர்த்தது. விடிவதற்குள் பெட்டி வெளியே வந்துவிட்டது. ஒரு வாள்கூட ரத்தம் பார்க்கவில்லை. நான் சண்டைக்கென்று தயாரித்திருந்த அறை அது. அதை ஒரு திருட்டுக் கதையாக மாற்றியது புத்தகத்தின் கணக்கு.

அதே குகையை 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நடத்தினேன். அங்கே ஒரு கோப்ளினுக்கு 50 புள்ளி. இரண்டாம் லெவலுக்கு 300 போதும். பொற்காசுக்குப் புள்ளியே கிடையாது. தலைக்கு ஆறு கோப்ளின் என்றால் கணக்கு நேர். அந்த ஆடிட்டர்தான் இந்த முறை முதல் ஆளாகக் கதவை எட்டி உதைத்தார். குகையும் நான் சொன்ன வர்ணனையும் அப்படியேதான் இருந்தன. கூலி எதற்கு என்பது மட்டும் மாறியிருந்தது. பொற்காசுக்குப் புள்ளி என்பதை 1989-இன் இரண்டாம் பதிப்பே விருப்ப விதியாக ஓரங்கட்டிவிட்டது. அன்று தொடங்கிய சரிவு இது.

சண்டையின் போக்கையும் இப்படியொரு எண்தான் தீர்மானிக்கிறது. இந்த ஆட்டத்துக்கு முன்னோடியாக 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற போர் ஆட்டத்தில் சாதாரண வீரனுக்கு ஓர் அடி விழுந்தால் கதை முடிந்தது. ஆசையாக வளர்த்த பாத்திரம் ஒரே அடியில் போவதை ஆடுகிறவர்கள் விரும்பவில்லை. ஆர்னெசன் கடற்போர் ஆட்டங்களிலும் கைதேர்ந்தவர். ஒரு கப்பல் எத்தனை அடி தாங்கும் என்று அங்கே போட்ட கணக்கை மனிதர்களுக்கும் கொண்டுவந்தார். ஹிட் பாயிண்ட் பிறந்தது. உங்கள் பிள்ளையின் கைப்பேசி ஆட்டத்தில் தலைக்கு மேல் குறைந்துகொண்டே வரும் கோடு அதன் வாரிசுதான்.

கப்பலுக்குப் பயம் கிடையாது. மூழ்கும்வரை சுடும். மனிதனுக்கும் பூதத்துக்கும் அந்தக் கணக்கை மட்டும் வைத்தால், அவர்களும் கடைசிப் புள்ளி தீரும்வரை சண்டை போடுவார்கள். எழுபதைப் பூஜ்ஜியம் ஆக்கும் கழித்தல் கணக்காகச் சண்டை சுருங்கிவிடும்.

1981 பதிப்பில் இதற்கு மருந்து இருந்தது. ஒவ்வோர் எதிரிக்கும் மன உறுதி என்று ஓர் எண். முதல் உயிர் போனதும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் எதிரிகள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். கோப்ளினுக்கு அந்த எண் 7. அதாவது ஒவ்வொரு முறையும் 36-இல் 15 வாய்ப்பு, சண்டை அங்கேயே நின்றுவிடும். ஐந்தாம் பதிப்பிலும் இதற்கொரு விருப்ப விதி உண்டு. நான் உட்கார்ந்த மேசைகளில் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

இந்தச் சின்ன விதி கதைக்குத் தருவது கொஞ்சமல்ல. ஆயுதத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்ட கோப்ளினை என்ன செய்வது? கட்டிப்போட்டால் சோறு யார் போடுவது? விட்டால் தலைவனிடம் போய்ச் சொல்லிவிடாதா? என் மேசையில் இந்த வாக்குவாதம் எந்தச் சண்டையையும்விட நீளமாக ஓடியது. ஓடுகிறவன் முதுகில் வாளை ஓச்சாத மறத்தைத் ‘தழிஞ்சி’ என்று தனித் துறையாகவே பாடி வைத்திருக்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. எதிரி ஓட முடிந்தால்தானே அந்த மறத்துக்கு இடம்?

வேறு விதி, வேறு கதை. சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுலு’வும் 1981-இல்தான் வந்தது. அதில் உயிரோடு சேர்த்து மனத்தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. மர்ம நூல்களைப் படித்தால் அறிவு கூடும், மனத்தெளிவின் உச்சவரம்பு இறங்கும். புத்தகத்தைத் திறக்கவே கை நடுங்குகிற ஆட்டம் அது. வின்சென்ட் பேக்கரின் ‘டாக்ஸ் இன் த வைன்யார்ட்’ 2004-இல் வந்தது. வாய்ப்பேச்சில் தோற்கப் போகிறவர் கையை ஓங்கலாம், அதுவும் போதாவிட்டால் துப்பாக்கியை எடுக்கலாம். ஒவ்வொரு படிக்கும் கூடுதல் பகடை கிடைக்கும், படும் காயமும் கொடிதாகும். ஊர் வழக்கில் தோற்காமலிருக்க ஒருவரைச் சுடுவீர்களா என்று பகடையே உங்களைக் கேட்கும்.

“நல்ல டன்ஜன் மாஸ்டர் விதியை வளைத்துக்கொள்வாரே?” என்று கேட்கலாம். வளைக்கலாம், நானும் வளைக்கிறேன். ஆனால் என் தலைக்குள் இருக்கும் தாராளம் ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. அதை நம்பி அவர்கள் திட்டம் போட முடியாது. ஆடிட்டர் ஏழரை என்று கணக்கிட்டது, அந்த எண் எல்லோர் கண்முன்னும் அச்சில் இருந்ததால்தான். அச்சிலுள்ள விதி ஆடுகிறவர்களுக்குத் துணிச்சல் தருகிறது. நடத்துகிறவரின் கருணை, அவர் முகத்தைப் பார்த்து ஆடத்தான் பழக்குகிறது.

அதனால், புதிதாக ஆட்டம் நடத்தப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மன்னர் பரம்பரையும் ஊர் வரைபடமும் அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் அனுபவப் புள்ளிப் பக்கத்தைத் திறந்து, எதற்குக் கூலி என்று பாருங்கள். அரண்மனைச் சூழ்ச்சிக் கதை வேண்டுமென்றால், ரகசியம் ஒன்றை வெளிக்கொண்டுவந்தால் இத்தனை, பகைவனைப் பேசி மடக்கினால் இத்தனை என்று அந்தப் பக்கத்தை மாற்றி எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் வையுங்கள். மன உறுதிக்கான பகடையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல், “என் ஆட்டத்தில் எல்லோரும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்” என்று குறைப்பட்டால், ஆடுகிறவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் புத்தகம் கொடுக்கும் கூலிக்கு நேர்மையாக உழைக்கிறார்கள்.