முகம் கொடுத்தோம், சட்டம் எங்கே?

முகப்பேர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் உங்களைப் போலீஸ் செல்போனில் படமெடுத்து, குற்றவாளிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழகம் முழுக்க 2021-லிருந்து அதற்கு மென்பொருள் இருக்கிறது. 'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?' என்பீர்கள். சரி, மெஷின் தப்பு செய்தால்?

ஐரோப்பிய யூனியனில், பொது இடத்தில் போலீஸ் உடனுக்குடன் முகம் தேடுவதற்கு 2025 பிப்ரவரி முதல் தடை. விலக்கு உண்டு, அதற்கும் வெளியாள் அனுமதி, பெரும்பாலும் கோர்ட், வேண்டும்.

இங்கே? 2020-ல் தமிழக அரசு செயற்கை நுண்ணறிவுக்குக் கொள்கை வெளியிட்டது. கொள்கைதான், சட்டமில்லை. 2023-ல் டெல்லி போட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. பூட்டும் அவர்களே, சாவியும் அவர்களே. அந்தப் பூட்டாவது உறுதியா? திருடனைப் பிடிக்க வைத்த அதே போலீஸ் தளத்துக்குள் 2024-ல் திருடனே புகுந்துவிட்டான்!

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்: என் முகத்தை யார், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?