பிறர் பாகத்தை வாங்கலாமா?

கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் இருந்து கடல் கடந்து பொருளீட்டும் பிள்ளைகளைப் பெற்ற பெரியவர்களே, தாய்மார்களே! சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கச் சென்றால், ‘கார் நிறுத்துமிடம் தனி விலை, கூடுதலாக ஒன்று வாங்கிப் போடுங்கள், பின்னர் விலை ஏறும்’ என்பார் தரகர். நம்மூரில் வாசலில் நிற்கும் வண்டிக்கு எவர் விலை கேட்டார்? பட்டணத்தில் அதுவும் சொத்தாகிவிட்டது. ஹாங்காங்கில் 2021-இல் ஒரே ஒரு கார் நிற்கும் இடம் சுமார் 13 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று!

அந்த இடம் எவருடையது? மும்பை தஹிசரில் எழுந்த வழக்கில், கட்டடத்தின் அடியில் தூண்களுக்கிடையே உள்ள நிறுத்துமிடத்தைத் தனியே விற்கக் கட்டியவருக்கு உரிமையில்லை என்று 31-8-2010 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மராட்டிய மாநிலச் சட்டத்தைப் பற்றியது. தமிழகத்திற்கும் பொருந்தும் 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டமோ, திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியிலேயே சேர்த்திருக்கிறது. கூரையும் மூன்று புறச் சுவரும் உடைய கார் ஷெட் வேறு.

தம்மிடம் இல்லாததை விற்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். விற்றவர் பாவம் விற்றவருக்கென நாம் ஒதுங்க இயலுமா? பொது இடமென்று அறிந்தே வாங்கி, அண்டை வீட்டாரிடம் வாடகையும் பெறுவது, அவருடைய பாகத்தை அவருக்கே விற்பதன்றோ! முன்பணம் கொடுக்குமுன் பத்திர நகலைக் கேட்டு வாங்கி, அவ்விடம் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். தரகரின் வாய்மொழியை நம்பிப் பிள்ளைக்குத் தந்தி போல அவசரச் செய்தி அனுப்ப வேண்டா.