விலக்கச் சொன்னால் ஈடும் சொல்ல வேண்டும்

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போனவர்கள் கச்சான் வாங்காமல் வீடு திரும்புவதில்லை. பையைப் பிரித்ததும் முதல் கைப்பிடி வீட்டுச் சின்னப்பிள்ளைக்குத்தான். அந்தப் பிள்ளைக்குக் கச்சான் ஒத்துவராது என்றால், ஆசையோடு நீளும் அந்தக் கையைக் கண்டே தாய் பதறுகிறாள். கச்சானோடு பசுப்பால், முட்டை, சோயாவும் சேர்ந்து ஒத்துவராத பிள்ளையென்றால் அவளுடைய பதற்றம் திருவிழாவோடு முடிவதில்லை. பக்கத்து வீட்டு பிஸ்கட்டும் பிறந்தநாள் கேக்கும் அவளுக்குப் பயம்தான்.

இப்படியான பிள்ளைகளின் பெற்றோருக்காக வட்டக்கச்சியில் பேசும் அமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே முன்வைக்கிறது. பிள்ளையின் சாப்பாட்டிலிருந்து ஒன்றை விலக்கச் சொல்பவர், அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது என்றும் சொல்ல வேண்டும். அந்த ஈட்டைத் தேடும் சுமை தாயின் தலையில் மட்டும் விழக்கூடாது.

திரிபோஷா சத்துமாவையே எடுத்துக்கொள்ளலாம். 1973 இல் தொடங்கிய இந்தத் திட்டம் இலங்கையின் ஏழைக் குடும்பங்களுக்குச் செய்த நன்மை பெரியது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கப்படும் அந்தப் பொதியில் இருப்பவை சோளம், சோயா, பால்மா. பாலும் சோயாவும் ஒத்துவராத பிள்ளை நிறை குறைந்து கிளினிக்குக்கு வந்தால், உதவிக்கென்று நீட்டப்படும் பொதியே அதற்கு ஆபத்து. பொதியை வாங்காமல் திரும்பும் தாயின் கையில் வேறெதுவும் கொடுக்கப்படுவதில்லை. பாலும் முட்டையும் கச்சானும் சோயாவும் ஒன்றாகப் போனால், கூலி வேலைக் குடும்பமொன்றின் அடுப்படியில் மலிவான புரதம் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். அத்தகைய பிள்ளைகளுக்குக் குரக்கன், அரிசி, பயறு போன்றவற்றிலிருந்து பிள்ளைக்குப் பிள்ளை பொருத்தமான மாற்றுச் சத்துமாவைச் சுகாதாரத் துறையே கொடுக்க வேண்டும் என்பது அமைப்பின் முதற் கோரிக்கை.

தேவையில்லாத பத்தியத்தையும் அமைப்பு அதே உறுதியோடு எதிர்க்கிறது. இங்கே 'கிரந்தி' என்ற ஒரே சொல்லுக்குள் இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் அடங்கிவிடும். மூத்தவர்கள் அனுபவத்தில் சொல்வதை அமைப்பு இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் கிரந்தி வேறு, நோய் எதிர்ப்புத் தொகுதி ஓர் உணவின் புரதத்தைப் பகையாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வாமை வேறு. இறால் ஒத்துவராத பிள்ளை பெரும்பாலும் விரால் சாப்பிடலாம். இரண்டிலும் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்கள் வேறு வேறு. பசுப்பால் ஒத்துவராத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுப்பதோ நேர்மாறான பிழை. அந்த இரு பால்களின் புரதங்களும் மிக நெருங்கியவை. தேங்காய்ப்பாலுக்குப் பெயரில் மட்டுந்தான் பால்.

பயத்தில் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதும் பிள்ளையைக் காப்பதில்லை. லண்டனில் பேராசிரியர் கிடியோன் லாக் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2015 இல் வெளியானது. கடும் தோல் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகள், 4 முதல் 11 மாத வயதில் அதில் சேர்க்கப்பட்டார்கள். கச்சானைத் தவிர்த்தவர்களில் 17.2 வீதமானோருக்கு ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தது. சிறுவயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் 3.2 வீதமானோருக்கு மட்டுமே. இதை வாசித்துவிட்டு ஏற்கெனவே தடிப்பு வந்த பிள்ளைக்கு வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. அது வைத்தியரின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடுவதால், போட்ட விலக்கை இடைக்கிடை மீளச் சோதிப்பதும் அவசியம்.

சாப்பிட்டுச் சில நிமிடங்களில் உடம்பு தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்கினால் முதல் மருந்து அட்ரினலின். பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். கடிக்கும் தடிப்புக்கும் கொடுக்கும் பாணி மருந்து மூச்சைக் காப்பாற்றாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2018 யூலையில் வடமாகாணத்துக்கு வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் உள்வீதியிலுள்ள வீட்டை அது தேடி வரும்வரை மூச்சு பொறுத்திருக்க வேண்டுமே. வைத்தியர் அளவு எழுதிக்கொடுத்த அட்ரினலினும், அதைப் போடப் பழகிய ஒருவரும் பிள்ளைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று அமைப்பு கேட்கிறது.

முன்பள்ளிகளிடம் கேட்பது இன்னும் எளியது: ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிவைத்த ஒரு திட்டம். வட்டக்கச்சிக் குடும்பங்களின் உறவுப் பிள்ளைகள் படிக்கும் ரொறன்ரோ, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்தில் 2003 இல், பால் ஒவ்வாமையுள்ள 13 வயது சப்ரினா ஷனன், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்ட பின் இறந்தாள். அவள் பெயரால் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், கடும் ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் வைத்திருக்கும்படி பாடசாலைகளைக் கட்டாயப்படுத்துகிறது.

கச்சானை ஊரிலிருந்தே தடைசெய்யும்படி அமைப்பு கேட்கவில்லை. அதைப் பயிரிட்டுச் சீவிக்கும் குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன. ஒவ்வாமையைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதையும், மற்றப் பிள்ளைகள் சாப்பிடும்போது தனியே இருத்துவதையும் அமைப்பு ஏற்காது. எது ஒத்துவராது, என்ன அறிகுறி, எந்த மருந்து எங்கே இருக்கிறது, யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று ஒரே தாளில் எழுதி, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் ஒரு பிரதியும் முன்பள்ளிச் சமையலறைச் சுவரில் இன்னொன்றும் இருக்க வேண்டும். அந்தத் தாளைக் குடும்பநல உத்தியோகத்தரும் ஆசிரியரும் தாயும் ஒன்றாக இருந்து எழுத வேண்டும்; சமைக்கும் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டவும் வேண்டும்.